பள்ளியை மூடுங்கள், விடுதியைத் தனியாக யோசியுங்கள்: அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். உண்டு உறைவிடப் பள்ளிகளையும் அரசு மாணவர் விடுதிகளையும் நடத்துகிற துறைகளில் நீங்கள் இயக்குநராக இருக்கலாம், மாவட்ட அலுவலராக இருக்கலாம், கோப்புக்குக் குறிப்பு எழுதும் உதவியாளராகவும் இருக்கலாம். எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தலைமையாசிரியராகவும், அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வருகிற விடுதிக் காப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

கொரோனா முடிந்து இத்தனை வருடம் கழித்து இது எதற்கு என்று தோன்றும். அந்த இரண்டு வருடங்களில் விடுதிகளுக்குள் என்ன செய்தோம், எது உதவியது, எது வீண் என்று தெரிந்த ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றும் இடமாறுதலிலும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்த அறிவும் போகிறது. நான் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்று: பள்ளியை மூடுவதும் விடுதியை மூடுவதும் வேறு வேறு வேலைகள். அடுத்த முறை இரண்டுக்கும் ஒரே ஆணை போடாதீர்கள்.

2020 மார்ச் 17 முதல் பள்ளிகளுக்கு விடுமுறை என்றார்கள். பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் வீட்டுக்கு. நகரத்துப் பள்ளியில் இது அரை நாள் வேலை. எங்களுக்கு அப்படியில்லை. வீட்டுக்கு அனுப்பு என்றால் எந்த வீட்டுக்கு? எங்கள் பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா அந்த மாதத்தில் மலையில் இருக்க மாட்டார்கள். சாமை அறுவடை முடிந்து, கையில் இருப்பு தீர்ந்து, காப்பித் தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போயிருப்பார்கள். பிள்ளை விடுதியில் இருக்கிறது, மூன்று வேளை சாப்பிடுகிறது என்ற தைரியத்தில்தான் அவர்கள் அவ்வளவு தூரம் போவதே. பாட்டி இருக்கிற வீட்டுக்குச் சிலரை அனுப்பினோம், பெரியப்பா வீட்டுக்குச் சிலரை. கூட்டிப்போக ஆளே வராத இரண்டு சிறுமிகளை எங்கள் சமையலர் அம்மா, "எங்கூட வாங்கடி" என்று தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அதற்கு ஆணை எதுவும் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

அப்புறம் மார்ச் 24. பிளஸ் டூ கடைசித் தேர்வு அன்றைக்குத்தான். அன்று மாலை 6 மணியிலிருந்து மாநிலம் முழுக்க 144 தடை உத்தரவு, பேருந்து ஓடாது. தேர்வை எழுதி முடித்த பிள்ளைகள் மதியத்துக்குமேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். கடைசிப் பேருந்து எங்கேவரை போகும் என்று ஓட்டுநருக்கே தெரியவில்லை. பாதி வழியில் இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து இருட்டிய பிறகு ஊர் சேர்ந்தவர்கள் உண்டு. இரவு 8 மணிக்குப் பிரதமர் நாடு முழுவதற்குமான ஊரடங்கை அறிவித்தபோது, யார் யார் வீடு சேர்ந்தார்கள் என்று போன் போட்டுக் கேட்கக்கூட முடியாத இடத்தில் இருந்தேன். பாதிப் பேருக்கு வீட்டில் போனே கிடையாது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நாடு முழுக்க மத்திய அரசு நடத்தும் நவோதயா உறைவிடப் பள்ளிகளில் (தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகள் கிடையாது) வேறு மாநிலத்துக்குப் படிக்கப் போன 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் 173 பள்ளிகளில் சிக்கிக்கொண்டார்கள். மே மாதம்வரை ஆகி, தனிப் பேருந்துகளில்தான் ஊர் திரும்பினார்கள். ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். பேருந்து வரும்வரை அவர்கள் விடுதியிலேயே இருந்தார்கள், அவர்களுக்குச் சோறு போட்டார்கள். பொது முடக்கத்திலும் ஒரு விடுதியை நடத்த முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பள்ளி மூடியிருந்த காலத்தில் மாநிலம் முழுவதும் அரிசியும் பருப்பும் உலர் பொருளாகக் கொடுத்தார்கள். பிறகு முட்டையும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அது மதிய உணவுக்குப் பதிலாகத் தந்தது, ஒரு வேளைக் கணக்கு. விடுதிப் பிள்ளைக்கு மூன்று வேளையும் விடுதியில்தான். அந்த நாளில் பள்ளி விடுதி மாணவருக்கு மாத உணவுச் செலவாக அரசு வைத்திருந்தது 1,000 ரூபாய். 2023-இல்தான் அது 1,400 ஆனது. அந்தத் தொகை பிள்ளைக்கு என்று ஒதுக்கியதா, கட்டடத்துக்கு என்று ஒதுக்கியதா? கட்டடத்தைப் பூட்டினால் பிள்ளையின் பசி நின்றுவிடாது.

எங்கள் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகள் இருந்தன. ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டுமா என்று மேலே எழுதிக் கேட்டேன். பதில் வருவதற்குள் அரிசியில் வண்டு வந்துவிட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. அப்படிக் கொடுக்கலாம் என்று எந்த விதியிலும் ஒரு வரி இல்லாததால் யாராலும் கையெழுத்துப் போட முடியவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத்தான் இப்போது சேர்க்கச் சொல்கிறேன்.

பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சொல்லியாகிவிட்டது. கல்வித் தொலைக்காட்சி நன்றாகவே இருந்தது. மலையில் மின்சாரமும் டிவியும் இருந்த வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. போன் சிக்னலுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாறை உண்டு. எங்கள் பக்கம் அதற்கு டவர் பாறை என்றே பெயர். ஆன்லைன் வகுப்பு என்று அறிவித்த முதல் வாரத்திலேயே அது எங்களுக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. ஆசிரியர்கள் பைக்கில் ஊர் ஊராகப் போனார்கள். புளியமரத்தடியில் ஒரு மணி நேரம், அடுத்த ஊரில் ஒரு மணி நேரம். நாங்கள் போக முடியாத நாட்களில், எங்களிடமே படித்து முடித்து வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்த பெரிய பிள்ளைகள் சின்னவர்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்தில் முதலியார்குப்பத்தில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததைப் பார்த்தபோது, "சார், இத நாம அப்பவே செஞ்சோமே" என்று ஒரு பழைய மாணவன் போன் செய்தான். கேரளத்தில் தொலைக்காட்சிப் பாடம் 2020 ஜூன் 1 அன்றே தொடங்கியது. பழங்குடி ஊர்களில் டிவி வைத்த பொது இடங்களில் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். வீட்டில் டிவி இருக்கிறதா என்ற கேள்வியையே அது தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 15 என்று சொல்லி, ஜூன் 9 அன்று ரத்து என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20. வருகையில் எங்கள் பிள்ளைகளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. பள்ளியிலேயே தூங்கி எழுகிறவன் எப்படி வராமல் இருப்பான்?

இப்போது 2021 ஜனவரிக்கு வருகிறேன். அதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் 2020 நவம்பரில் ஒருமுறை திறக்கப் பார்த்தார்கள். நவம்பர் 9 அன்று எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டோம். எங்கள் கூட்டத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: திறந்துவிடுங்கள். மாநிலத்தில் மற்ற இடங்களில் பயம் இருந்தது, திறப்பு தள்ளிப்போனது. அந்தப் பயம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பகல் பள்ளிப் பெற்றோரும் விடுதிப் பெற்றோரும் பதில் சொன்ன கேள்வி ஒன்றல்ல. அவருக்கு: "பிள்ளையை வெளியே அனுப்பட்டுமா?" இவருக்கு: "பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகட்டுமா?" இரண்டு பதிலையும் ஒரே கணக்கில் கூட்டினால் எங்கள் குரல் எங்கே கேட்கும்?

ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும் திறந்தன. வகுப்புக்கு 25 பேர், பெற்றோர் கையெழுத்து, வாசலில் வெப்பமானி, கையில் வைட்டமின், துத்தநாக மாத்திரை. விடுதிகளில் படுக்கைகளுக்கு இடையே போதிய இடைவெளி விடச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் படுக்கை என்பது பாய். பல உறைவிடப் பள்ளிகளில் பகலில் வகுப்பறையாக இருப்பதுதான் ராத்திரி படுக்கும் அறை. மாலையில் பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டுப் பாயை விரிப்பார்கள். அதில் எப்படி இடைவெளி விடுவது? சின்ன வகுப்புகள் வராததால் அவர்கள் அறைகள் காலியாக இருந்தன. பெரியவர்களை அவற்றில் பிரித்துவிட்டோம். ஒருவன் தலை வைக்கிற பக்கம் அடுத்தவன் கால். ஜன்னலை இரவிலும் மூடக்கூடாது என்றோம். ஜனவரிக் குளிரில் ஜவ்வாது மலையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவது என்றால் என்ன என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. கூடுதல் போர்வை வேண்டும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தொற்றுத் தடுப்புச் செலவாகத் தெரிந்தது. கிருமிநாசினிக்கு இருந்த செலவுத் தலைப்பு போர்வைக்கு இல்லை. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுதான் போர்வை அனுப்பியது.

முக்கியமான முடிவை எடுத்தது நான் இல்லை, சமையலர்கள். "நாங்க தெனம் வூட்டுக்குப் போய் வந்தா, நோயி எங்களோடதான் உள்ள வரும்" என்று சொன்னார்கள். அவர்களும் இரவுக் காவலரும் விடுதிக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். வாரக் கடைசியில் பிள்ளைகள் ஊருக்குப் போகும் வழக்கத்தை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் பெற்றோர் கேட்டுக்கு வெளியே, பிள்ளை உள்ளே. கொண்டுவந்த பலகாரத்தைக் கல்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். பணக்காரப் பள்ளிகளில் இதற்கு "பப்பிள்" என்று பெயர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கே அதற்குப் பரிசோதனை, செவிலியர், நோயாளிக்குத் தனி அறை எல்லாம் இருந்திருக்கும். எங்களிடம் இருந்தது தன் வீட்டை விட்டுவிட்டு வந்து உள்ளே தங்கிய நாலு பேர். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அந்த நாட்களுக்கென்று அவர்களுக்குக் கூடுதலாக ஒரு பைசா இல்லை.

கபசுரக் குடிநீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தினம் காலையில் காய்ச்சிக் கொடுத்தோம். வாயில் வைத்திருந்து, நாங்கள் திரும்பியதும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள். அந்தச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் இல்லாதது என்ன என்று புரிந்தது. தனி அறை ஒதுக்கிவிடலாம், ஒரு வகுப்பறையைக் காலி செய்தால் போதும். ராத்திரி அவனோடு யார் உட்காருவது? பத்து மணிக்கு மேல் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி எது? ஆரம்ப சுகாதார நிலையம் உதவியது, பரிசோதித்தார்கள், கொரோனா இல்லை என்று வந்தது. முடிவு வரும்வரை அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் இரவுக் காவலர். அன்றைக்குக் கேட்டை யார் காவல் காத்தது என்று தணிக்கையில் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

விடுதியைத் திறந்தே வைத்திருங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் வாசிம் மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் 2021 பிப்ரவரியில் 200-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்தது. தெலங்கானாவில் அந்த ஆண்டு செப்டம்பரில் மற்ற பள்ளிகள் திறந்தபோதும், அரசு உறைவிடப் பள்ளிகளைத் திறக்க உயர் நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. விடுதியில் நோய் நுழைந்தால் பாய்க்குப் பாய் போகும். சொறி சிரங்கையே எங்களால் ஒரு வருடம்கூட முழுசாக நிறுத்த முடிந்ததில்லை. அந்த ஜனவரியில் எங்களுக்கு ஆள் குறைவு, அறை அதிகம், அதனால் சமாளித்தோம். பிப்ரவரி 8-இல் ஒன்பதும் பதினொன்றும் வந்து சேர்ந்ததும் இடம் நெருக்கடியாகி, தலை-கால் கணக்கெல்லாம் குலைந்தது. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்று மறுபடி வீட்டுக்குப் போனபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. ஆகவே முழுசாகத் திற, முழுசாக மூடு என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கால்வாசிப் பிள்ளைகளோடு ஒரு விடுதியைப் பத்திரமாக நடத்தலாம். அந்தக் கால்வாசி யார் என்பதைத் தேர்வு எழுதும் வகுப்பை வைத்து முடிவு செய்தீர்கள். வீட்டில் ஆள் இல்லாதது யாருக்கு, சோறு இல்லாதது யாருக்கு, கல்யாணம் பேசிக்கொண்டிருப்பது யாருக்கு என்று பார்த்து முடிவு செய்திருக்கலாம்.

கல்யாணம் என்று சும்மா சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மறுபடி திறந்தபோது, வராத பெண் பிள்ளைகளைத் தேடிப்போன வீடுகளில் சிலரைக் கழுத்தில் தாலியோடு பார்த்தோம். பையன்கள் திருப்பூரில். தேர்வில்லாமல் எல்லோருக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கிடைத்திருந்தது, சான்றிதழ் இருந்தால் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள். எமிஸில் (அரசின் கணினி மாணவர் பதிவேட்டில்) அவர்கள் பெயர் ரொம்ப நாள் எங்கள் பள்ளியிலேயே இருந்தது. விடுதி திறந்திருந்தால் இவர்கள் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையில் ஒரு பெண் பிள்ளை கல்யாணத்தைத் தள்ளிப்போட, "ஹாஸ்டல்ல படிக்கிறா" என்பதுதான் வீட்டுக்காரர்கள் மாமன் வீட்டிடம் சொல்லக்கூடிய ஒரே காரணம். அந்தக் காரணத்தை நாம் பூட்டி வைத்திருந்தோம்.

நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகள் வந்தன. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்பறையையே பார்த்ததில்லை, அம்மாவை விட்டு ஒரு ராத்திரி தனியாகப் படுத்ததில்லை. வழக்கமாக ஐந்தரை வயதில் வந்து, அழுது, பழகிவிடுவார்கள். இவர்கள் ஏழு வயதில் வந்தார்கள், ஓடத் தெரிந்த வயது. முதல் வாரம் மாலையானால் கேட்டில் இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருந்தது. எங்கள் ஆசிரியை ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: வகுப்புவாரியாகப் படுக்க வைக்காமல் ஊர்வாரியாகப் படுக்க வைப்போம். ஒரே ஊர்ப் பெரிய பிள்ளை பக்கத்தில் சின்னது. அதற்குப் பிறகு அழுகை குறைந்தது. இடைவெளி விதிப்படி அது சரியா என்று கேட்டால், சரியில்லை. நான் அனுமதித்தேன், இன்றும் அனுமதிப்பேன்.

இதையெல்லாம் வைத்து ஒரு விடுதிக்கான முடக்கக் கால விதியை எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பெரிய புத்தகம் வேண்டாம். மாணவர் சேர்க்கைப் படிவத்தில் இன்னும் இரண்டு கட்டம் போடுங்கள்: பள்ளி திடீரென்று மூடினால் இந்தப் பிள்ளை யார் வீட்டுக்குப் போகும், அந்த வீட்டை எட்ட எந்த எண்ணில் யாரைக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. வருடத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடுதி மூடினால் உணவுச் செலவுத் தொகை பொருளாகவோ பணமாகவோ பிள்ளையின் வீட்டுக்குப் போகட்டும். ஸ்டோரில் இருப்பதைக் காப்பாளர் பிரித்துக் கொடுக்கலாம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு விடுதியையாவது, போக இடமில்லாத பிள்ளைகளுக்காக மூடாமல் வையுங்கள். உள்ளே தங்கும் பணியாளருக்குப் படி கொடுங்கள். பகலில் வகுப்பு, ராத்திரி படுக்கை என்று இருக்கிற பள்ளிகளுக்குத் தனிப் படுக்கை அறையும், காய்ச்சல்காரருக்கு ஓர் அறையும் கட்டித் தாருங்கள். இந்தக் கடைசி ஒன்றுக்குக் கொரோனா வரத் தேவையில்லை, அம்மை வந்தாலே போதும்.

இதை எழுத உட்காரும்போது தலைமையாசிரியர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். விடுதிக்குள் தங்கியிருந்த சமையலர்களையும் இரவுக் காவலர்களையும் கூப்பிடுங்கள். சமையலர் கூட்டத்துக்கு வந்துவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது என்ற கேள்வி வரும். மாற்று ஆளையும் பயணப்படியையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விடுதிக் காப்பாளர் ஒருவர்,
ஜவ்வாது மலை